பின்னேரத்தில் வருகிறவன்

யாழ்ப்பாணம் குருநகரில் பெரியப்பா மரியரட்ணத்தின் வீட்டுக்கு நிரோஜினி வந்தபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. மீன் காயவைக்கும் வாடிப் பக்கமிருந்து கருவாட்டு மணம் வீசியது. அடுத்த கிழமை அவள் வேலை மாறிக் கொழும்புக்குப் போகிறாள். பெரியப்பாவுக்குக் கண் மங்கல். கரண்ட் பில்லிலிருந்து கிளினிக் திகதிவரை கணினியில் அவள்தான் பார்த்துக் கொடுப்பாள். இனிக் கொழும்பில் இருந்தபடியே அதைத் திறந்து பார்க்க ஒழுங்கு செய்யவேண்டும்.

அது சுபாஸின் கணினி. பெரியப்பாவின் ஒரே மகன், அவுஸ்திரேலியாவுக்கென்று வள்ளம் ஏறியவன். பிறகு ஒரு தகவலும் இல்லை. ஊரே சொல்லியும், அவனுக்காக ஆன்மசாந்திப் பூசை ஒப்புக்கொடுக்கப் பெரியப்பா சம்மதிக்கவில்லை.

களவாக எவரும் நுழையாதபடி நிரோஜினி கவனமாகச் செய்தாள். நீண்ட கடவுச்சொல் வைத்தாள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அவளுடைய கைபேசிக்கு ஒரு இலக்கம் வரும். அது இல்லாமல் உள்ளே வரமுடியாது. வெயில் சாயும் நேரத்தில் தன் மடிக்கணினியிலிருந்து திறந்து, அம்புக்குறியை அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்தாள். எல்லாம் சரி. மடிக்கணினியை மூடினாள்.

பழைய கணினியில் அம்புக்குறி நகர்ந்துகொண்டே இருந்தது.

எவனோ நுழைந்துவிட்டான் என்று நினைத்து இணைய வயரைப் பிடுங்கினாள்.

அம்புக்குறி நிற்கவில்லை.

வெற்றுப் பக்கமொன்று திறந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

அப்பா. தண்ணி குளிருது.

உப்புநீரில் ஊறிய துணியின் வாடை அறைக்குள் பரவியது. பின்னால் பெரியப்பா வந்து நின்றார். அவர் முகத்தில் பயமே இல்லை.

"உவன் பின்னேரத்திலைதான் வருவான்," என்றார் மெதுவாக. "நீ பூட்டுப் போடுறாய் எண்டவுடனை இனி வரமாட்டானோ எண்டு பயந்திட்டன், பிள்ளை."

நிரோஜினி மேசைக்கடியில் குனிந்தாள். சுவரிலிருந்த பிளக்கை இழுத்தாள். திரை இருண்டது. இது யாரோ செய்யும் ஏமாற்று, இனி இதைத் தொடவேண்டாம் என்று அவள் சொன்னதொன்றும் அவர் காதில் ஏறவில்லை. இருண்ட திரையைத் தடவிக்கொண்டே கேட்டார்:

"ஏன் பிள்ளை, அவனை வெளியிலையே விட்டுப் பூட்டினாய்?"

அவள் கணினியைத் தன்னோடு எடுத்துப்போய், கடையொன்றில் கொடுத்துப் பாகம் பாகமாகக் கழற்ற வைத்தாள். அவரைக் காப்பாற்றிவிட்டதாகவே நம்பினாள்.

கொழும்புக்குப் போய்ச் சில நாட்களில், பக்கத்து வீட்டுக் கிறிஸ்ரோபர் தொலைபேசி எடுத்தார். பெரியப்பா தனியாக வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போயிருக்கிறார். வள்ளம் மட்டும் மண்டைதீவுப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது. மறித்தவர்களிடம் அவர் ஒன்றுதான் சொன்னாராம்.

"அவனுக்கு இனி வர வழியில்லை. நான்தான் போகவேணும்."

இரண்டு பேருக்கும் சேர்த்துப் பூசை ஒப்புக்கொடுத்துவிட்டு நிரோஜினி வேலைக்குத் திரும்பினாள். அலுவலகத்தில் எல்லோரும் இருந்த பகல் நேரம். அவளுடைய மடிக்கணினியில் சின்னப் பெட்டியொன்று திறந்தது. வெளியிலிருந்து யாரோ உள்ளே வர அனுமதி கேட்டார்கள். பெயர் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

'மறுப்பு' என்பதை அழுத்தினாள். பெட்டி மறுபடியும் வந்தது. அதன் கீழே எழுத்துகள் விழுந்தன.

அக்கா, அப்பா வந்திட்டார். உங்களோடை கதைக்கவேணுமாம்.

அவள் இரண்டு கைகளையும் மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

அம்புக்குறி 'அனுமதி'யை நோக்கி நகரத் தொடங்கியது.