பேருக்கு விட்ட இடம்

கல்மண்டபத்தில் மூடிக்கிடந்த ஐஸ் கம்பெனியின் மாடியில்தான் எங்கள் இருவரின் பாட்டு ஒத்திகை. 2004, கல்லூரிக் கலைவிழாவுக்கு நான்கு நாள் இருந்தது. பட்டப்பகல். சுவரில் அம்மோனியா நெடி, கீழே கருவாடு. இந்த இடத்துக்குப் பேய் வருமென்றால் அதற்கும் வேறு போக்கிடமில்லை என்றுதான் அர்த்தம்.

கிடார் வல்லரசுக்கு மூன்று கார்டு வாசிக்கத் தெரியும். மூன்றையும் ஊரே நூறு தடவை கேட்கட்டும் என்று பர்மா பஜாரில் லூப்பர் வாங்கியிருந்தான். நான்கு வரி பாடினால் பெட்டி அதையே ஓயாமல் திருப்பிப் பாடும். வேகத்தைக் கூட்டக் குறைக்க ஒரு திருகு. திறமை தவிர எல்லாம் அதில் இருந்தது.

சாவு வீடுகளில் கானா பாடும் சிவந்தி அண்ணனைக் கூட்டி வந்தோம். செத்தவர் பேர் வரும் இடத்தைக் காலியாக விட்டே பாடிப் பதிந்தார்.

“பேரு எங்கண்ணே?” என்றான் வல்லரசு.

“பொணம் இருந்தாதான் பேரு. உசுரோட கீறவன் பேர இதுல போடாத. பேஜாரா பூடும்” என்றவர் டீ குடிக்க இறங்கினார்.

வல்லரசு மைக்கைப் பிடித்தான். “என் பேரையே போடுறேன் மாமு. எவன் வர்றான் பாக்கலாம்.” காலி இடம் வந்ததும் “வல்லரசு” என்றான். பெட்டி வாங்கிக்கொண்டது.

பாட்டு சுற்றியது. கேவலமாக இருந்தது. வேகத்தைப் பாதியாக்கினான். குரல் கிணற்றுக்குள் இறங்கியது. பேர் வந்தது.

பின்னாலேயே, “ம்.”

“நீயாடா?” என்றான்.

நான் இல்லை.

அடுத்த சுற்றில் அந்த “ம்” மாடிப்படியின் அடியில் கேட்டது. அதற்கடுத்து, பாதிப் படியில். கூடவே ஈர மண் வாசனை.

“வேகத்த ஏத்துனா கேக்காது” என்று திருகை முழுக்கத் திருப்பினான். அறிவாளி.

பாட்டு அணிலாய்க் கீச்சிட்டது. படியில் காலடியும் அதே வேகத்தில் ஓடிவந்தது.

வயரைப் பிடுங்கினேன்.

சத்தம் நின்றது.

வல்லரசு வாயைத் திறந்து, பாதி வேகத்தில், “ம்” என்றான். அப்படியே சரிந்தான்.

மூலக்கொத்தளம் சுடுகாட்டில் சிவந்தி அண்ணன் பேர் வைத்தே பாடினார்.

பெட்டி என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. வயர் என் கையில். நேற்று அது தானாகச் சுற்றியது. பேருக்கு விட்ட இடத்தில், வல்லரசின் குரலில், மெதுவாக, என் பேர்.

காலையில் வகுப்பில் பேராசிரியர் என் பேரைப் படித்தார். நான் வாய் திறக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து “ம்” வந்தது. அவர் நிமிரவே இல்லை. வந்ததாகக் குறித்துக்கொண்டார்.

மதியம், அதற்கு முந்தைய பெஞ்ச்.

நான் மூன்றாவது பெஞ்ச். மொத்தம் ஐந்துதான்.