சூடம் சுடாத கை

காலை 7.10. நீலாய் நகரிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் செம்பனைத் தோட்டம். கோயில் கொட்டகையில் நாற்காலியிலிருந்து சரிந்து செத்துக் கிடந்தார் கோயில் தலைவர் தர்மராஜ். வாயில் நுரை. மேசையில் ஒரு பிளாஸ்க், பாதி குடித்த சுக்குக் காப்பி. சுக்கு வாசத்தையும் மீறி லேசாகப் பூச்சி மருந்து நாறியது.

8.30. சிரம்பானிலிருந்து இன்ஸ்பெக்டர் ரோகினி வந்தார். மருந்து பாட்டில் கொட்டகைக்குப் பின்னால் வாழையடியில் கிடந்தது. அதன் பக்கத்தில் காப்பி சிந்திய ஈரம். பிளாஸ்கை அங்கே கொண்டுபோய்த்தான் யாரோ மருந்தைக் கலந்திருக்கிறார்கள்.

பிளாஸ்க் கொண்டுவந்தவன் தர்மராஜின் மகன் முகுந்தன்.

"எத்தனை மணிக்கு வச்சீங்க?"

"ஆறு மணிக்கு மேடம். கொதிக்கக் கொதிக்க ஊத்தினது. அப்பா ஆறரைக்குத்தான் வருவாரு."

அந்த அரை மணி நேரம் அங்கே இருந்தவர்கள் இன்னும் இரண்டு பேர்தான். பூக்கட்டும் மயிலம்மாள், வாசல் பெருக்கும் மாயாண்டி.

"பிளாஸ்கைத் தொட்டீங்களா?"

"எனக்கு பூ கட்டவே நேரம் பத்தல" என்றாள் மயிலம்மாள்.

"தொடவே இல்ல மேடம்" என்றார் மாயாண்டி. குரல் கம்மி, பாதி காற்றாக வந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அவருக்கு நுரையீரலில் புற்றுநோய். கதிர் சிகிச்சையில் பிழைத்து வந்ததைத் தோட்டமே பெருமையாகச் சொல்லும். அப்போதுதான் வந்த பூசாரி நீட்டிய திருநீற்றை அவர் இடக்கையால் எடுப்பதை ரோகினி பார்த்தார்.

வெளியே கூட்டத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"போலீசு மெதுவா எழுதட்டும்லா. நாங்க அம்மன்கிட்ட கேட்டுக்கிறோம்."

அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எரியும் சூடத்தை உள்ளங்கையில் ஏந்திச் சத்தியம் செய்ய வேண்டும். உதறினால் குற்றவாளி. என்ன நியாயமோ! ரோகினி பிணத்தை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்புவதற்குள் சூடம் ஏற்றிவிட்டார்கள்.

மயிலம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினாள். மாயாண்டி வலக்கையை இடக்கையில் தாங்கி நீட்டினார், முகம்கூடச் சுளிக்கவில்லை. கூட்டம் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டது. முகுந்தன் உதறிவிட்டான்.

"பெத்த அப்பனையேவா?"

ஒருவன் கட்டையைத் தூக்கினான். முகுந்தனின் சட்டை கிழிந்தது. ரோகினி உள்ளே புகுந்து அவனைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். அவருக்கு ஆத்திரம் பொங்கியது. சுட்டால் உதறாமல் வேறென்ன செய்யும் கை?

உதறாத கைதான் அவரை உறுத்தியது.

10.15. "ஐயா, வலது கையைக் காட்டுங்க."

மாயாண்டி இடக்கையால் வலக்கையைத் தூக்கிக் கொடுத்தார்.

"உள்ளங்கையில சூடம் சுட்ட கொப்புளம். சரி. விரலுக்குப் பின்பக்கம் இது என்ன கொப்புளம்?"

மாயாண்டி குனிந்து பார்த்தார். அதை அவரே அப்போதுதான் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"சூடம் பின்பக்கம் சுடாது. கொதிக்கிற காப்பி சிந்தினா சுடும். என் அப்பாவுக்கும் இதே நோய்தான். நுரையீரல் உச்சியில கதிர் வச்சாங்க, கைக்குப் போற நரம்பும் சேர்ந்து அடிபட்டுச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு கை மரத்துப்போச்சு. சட்டைப் பட்டன்கூட போட முடியல. உங்களுக்கும் அப்படித்தான். காப்பி சுட்டதே தெரியல, அதனால மறைக்கவும் இல்ல. திருநீறுக்கு வராத வலக்கை நெருப்புக்கு மட்டும் முன்னால வந்துச்சு."

மாயாண்டி தலையாட்டினார்.

"ஆறு வருஷத்துக்கு முன்னால அம்மன் தாலி காணோம்னு இதே இடத்துலதான் தர்மராஜ் என் மகன் தேவன் கையில சூடம் வச்சான். புள்ள தாங்க முடியாம உதறிட்டான். ஊரே திருடன்னுச்சு. மறுநாள் பூச்சி மருந்தைக் குடிச்சுட்டான். அதே மருந்தைத்தான் இவனுக்கும் ஊத்தினேன்."

"முகுந்தன் என்னங்க பண்ணான்? அவனையும் அடிச்சுக் கொல்லப் பார்த்தாங்களே."

"ஒண்ணும் பண்ணல. என் மகனும் ஒண்ணும் பண்ணல."

அவர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். கம்மிய குரலை முடிந்தவரை உயர்த்தினார்.

"கொன்னவன் நான். என் கை அசையல, நீங்க கும்பிட்டீங்க. இப்ப சொல்லுங்க, என் மகன் திருடனா?"

கட்டையைத் தூக்கியவன் அதைக் கீழே போட்டான். அவர் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். ரோகினியும் கைவிலங்கை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.