சாப்பாட்டு மணிக்குப் பெய்யும் மழை

ஐப்பசி பாதி கழிந்தும் பாலசமுத்திரம் பக்கம் ஒரு பொட்டு மழை இல்லை. ஏரிக்குள் மாடுகள் நடந்து போய்க்கொண்டிருந்தன. கரும்புத் தோகைகள் காய்ந்து சரசரத்தன.

அப்படிப்பட்ட ஒரு நாளில் அங்கிருந்த சின்னத் தமிழ்ப் பள்ளியின் வாசலில் ஒரு வெள்ளை ஜீப் வந்து நின்றது. கையில் மடிக்கணினியோடு கீர்த்தி அக்கா இறங்கினார். பாகாலா பக்கத்தில் இருக்கும் விண்வெளி ஆராய்ச்சி மையத்தில் அவர் இன்ஜினியர்.

"டீச்சர், உங்க ஸ்கூல்ல மட்டும் தினமும் மழை பெய்யுது. எப்படி?" என்று கேட்டார்.

ஞானமணி டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வானத்தைப் பார்த்தார். துளி மேகம்கூட இல்லை.

"இங்கேயா? குடிக்கிற தண்ணிக்கே டேங்கர் வருதும்மா!"

கீர்த்தி அக்கா மடிக்கணினியைத் திறந்து காட்டினார். திரையில் சித்தூர் மாவட்டம் விரிந்து கிடந்தது. "இதோ வெதுருகுப்பம், மழை இல்ல. இது பாகாலா, அங்கயும் இல்ல. உங்க ஊர்ல மட்டும் நீலப் புள்ளி. தினமும் சாப்பாட்டு மணி அடிச்சதும் மழை வருது. அடுத்த மணிக்கெல்லாம் நின்னுடுது."

"அப்ப மேகமும் மத்தியானச் சாப்பாடு துன்ன வருதா டீச்சர்?" என்றான் வகுப்பு ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்த யஸ்வந்த். வகுப்பே சிரித்தது.

தபிதா மட்டும் சிரிக்கவில்லை. அவள் கை, கழுத்தில் தொங்கிய சாவியைத் தொட்டது.

பள்ளித் தோட்டத்தில் இருந்த மழைமானியின் வேலிச் சாவி அது. வெள்ளை உருளை, மேலே அகலமான புனல், பக்கத்தில் ஒரு சூரியத் தகடு, வானத்தைப் பார்த்தபடி ஓர் ஆண்டெனா. ஆனி மாதம் கீர்த்தி அக்காதான் வந்து அதை நட்டுவிட்டுப் போனார். ஐந்தாம் வகுப்பு தபிதாவைக் காவலுக்கு வைத்தார்கள். அன்றிலிருந்து யஸ்வந்த் அவளை 'மழை மந்திரி' என்றே கூப்பிடுகிறான்.

அவளுக்கு அந்த மழைமானி மேல் அவ்வளவு ஆசை. தினமும் வீட்டுக்குப் போகும்முன் அதற்கு டாட்டா காட்டிவிட்டுத்தான் போவாள்.

கீர்த்தி அக்கா உருளையைத் திறந்து பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. அவர் முகம் வாடியது.

"மிஷின்ல கோளாறு இல்ல டீச்சர். யாரோ தண்ணி ஊத்துறாங்க. விளையாட்டா இருக்கலாம். ஆனா தப்பான மழைக் கணக்கு போச்சுன்னா, ஒருநாள் நிஜமா வெள்ளம் வரும்போது எங்களால சரியா சொல்ல முடியாது. இப்படியே இருந்தா இதைக் கழட்டி வேற ஸ்கூலுக்குத்தான் கொண்டுபோகணும்."

"சாவி மந்திரியம்மாகிட்டதானே இருக்கு?" என்றான் யஸ்வந்த்.

எல்லாக் கண்களும் தபிதா மேல் திரும்பின.

"நான் ஊத்தல அக்கா. சத்தியமா ஊத்தல. இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் இருங்கக்கா. யாருன்னு நானே பாத்து சொல்றேன்."

கீர்த்தி அக்கா அவள் முகத்தையே பார்த்தார். "சரே, இருக்கேன்" என்று தெலுங்கு கலந்து சொன்னார்.

சாப்பாட்டு மணி அடித்தது. தபிதா தட்டை எடுக்காமல் தோட்டத்துக்கு ஓடிப் புங்கமரத்தின் பின்னால் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் வேலியின் அடிக்கம்பி அசைந்தது. கம்பிக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு சின்னத் தலை நுழைந்தது. ஒன்றாம் வகுப்பு சிட்டிபாபு!

அவன் ஒரு செங்கல்லை உருட்டிக்கொண்டு வந்தான். அதன்மேல் ஏறி நின்றான். தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். கங்கம்மா கோயிலில் அவன் அம்மா செய்வதுபோல, கண்ணை மூடிக்கொண்டு புனலுக்குள் மெதுவாக ஊற்றினான்.

"இந்தா, குடி. இன்னிக்கும் மழை வரல. நாளைக்கு வரும்னு நைனா சொல்லிச்சு. அதுவரைக்கும் இத வெச்சிக்கோ" என்றான் மழைமானியிடம்.

தபிதாவுக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் எல்லாம் சேர்ந்து புரிந்தது.

மழைமானி வந்த அன்று, சின்னப் பிள்ளைகள் அதைத் தொடாமல் இருக்க அவள்தான் சொல்லியிருந்தாள். "இது மழைத் தண்ணியத்தான் குடிக்கும். வேற எதுவும் துன்னாது. யாரும் கிட்ட போகக்கூடாது!"

மழையே வராவிட்டால் பாவம், அது எதைக் குடிக்கும்?

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. சில நாளாகவே மத்தியானம் ஆனால் சிட்டிபாபு அவளிடம் வந்து, "அக்கா, ஒரு வாய் தண்ணி" என்று கேட்பான். "உன் பாட்டில் தண்ணிய இன்னாடா பண்ற? ஓட்டையா?" என்று அவளும் திட்டிக்கொண்டே கொடுப்பாள்.

ஓட்டை இல்லை. அவன் தன் தாகத்தை அடக்கிக்கொண்டு மழைமானிக்குக் கொடுத்திருக்கிறான்.

தபிதா எழுந்து போனாள். அவளைப் பார்த்ததும் சிட்டிபாபு செங்கல்லிலிருந்து குதித்தான். உதடு பிதுங்கியது.

"அக்கா, டீச்சர்கிட்ட சொல்லிடாதக்கா!"

சொல்லாவிட்டால் பழி தபிதாமேல் நிற்கும். மழைமானியும் போய்விடும். சொன்னால் இவன் பயந்தே போவான். யஸ்வந்த் ஒரு வருஷத்துக்குக் கிண்டல் செய்வான். தபிதா ஒரு நிமிஷம் கண்ணை மூடி, "ஆண்டவரே, நல்ல புத்தி குடும்" என்று மனசுக்குள் சொன்னாள். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாத. நான் கூட வரேன்."

கீர்த்தி அக்காவின் முன்னால் போய் நின்றதும் அவளே முதலில் பேசினாள்.

"அக்கா, ஊத்துனது இவன்தான். ஆனா தப்பு எங்கிட்டதான் ஆரம்பிச்சுது. இது மழைய மட்டும்தான் குடிக்கும்னு நான்தான் இவன்கிட்ட சொன்னேன். மழை வரலன்னு, குடிக்க வெச்சிருந்த தண்ணிய இவன் அதுக்குக் குடுத்துக்கினு இருக்கான். திட்டாதீங்க அக்கா. அந்தத் தண்ணி எங்க போகுதுன்னு இவனுக்குக் காட்டுங்க. புரிஞ்சா ஊத்த மாட்டான்."

கீர்த்தி அக்கா சிட்டிபாபுவின் காலி பாட்டிலையே பார்த்தார். பிறகு அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார். எல்லாப் பிள்ளைகளும் பின்னாலேயே ஓடினார்கள்.

உருளைக்குள், பூங்காவில் மேலும் கீழும் ஆடும் சீசாப் பலகை மாதிரி ஒன்று இருந்தது. இரண்டு முனையிலும் சின்னக் கிண்ணம். கீர்த்தி அக்கா சொட்டுச் சொட்டாக நீர் விட்டார். ஒரு கிண்ணம் நிறைந்து, 'டக்' என்று சாய்ந்தது. நீர் அடியில் வழிந்து மண்ணுக்குள் போனது. அடுத்த கிண்ணம் மேலே வந்தது. 'டக்.'

"பாத்தியா கண்ணா? இதுக்குத் தாகமே இல்ல. எண்ண மட்டும்தான் தெரியும். மணிக்கு ஒரு தடவை, எத்தனை 'டக்'னு மேல சொல்லும்."

"மேலன்னா?" என்றான் சிட்டிபாபு.

கீர்த்தி அக்கா தெற்கு வானத்தை நோக்கிக் கையை நீட்டினார். "அங்க நம்ம செயற்கைக்கோள் ஒண்ணு இருக்கு. பூமி சுத்துற அதே வேகத்துல அதுவும் சுத்துது. அதனால ராத்திரி பகல் அங்கயே நிக்கிற மாதிரி இருக்கும். அதைத் தொடணும்னா, திருமலையை ஒண்ணு மேல ஒண்ணா முப்பதாயிரம் தடவைக்கு மேல அடுக்கணும்."

"முப்பதாயிரமா!"

"இந்த 'டக்' கணக்கு அவ்வளவு தூரம் ஏறிப் போய், எங்க ஆபீசுக்கு இறங்கி வந்துடும். ஒரு தடவை கை தட்டுற நேரம்கூட ஆகாது."

தபிதா அண்ணாந்து பார்த்தாள். நீலம், நீலம், அதற்கு மேலும் நீலம். அங்கே கண்ணுக்குத் தெரியாத ஒன்று, ஒரு தூக்கமும் இல்லாமல், தன் பள்ளித் தோட்டத்தின் ஒவ்வொரு சொட்டுக்கும் காது கொடுத்துக்கொண்டிருக்கிறது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. எல்லாப் பிள்ளைகளும் வாயைத் திறந்தபடி மேலே பார்த்தார்கள். யஸ்வந்துக்குக்கூடக் கிண்டல் வரவில்லை.

"என் பாட்டில் தண்ணி அவ்ளோ மேலயா போச்சு?" சிட்டிபாபுவின் குரல் கிசுகிசுவென்று வந்தது.

கீர்த்தி அக்கா மடிக்கணினியில் அந்த நீலப் புள்ளியைக் காட்டினார். "இந்த ஜில்லா முழுக்கக் காஞ்சு கிடந்தப்போ, வானத்துக்குத் தெரிஞ்ச ஒரே மழை நீ ஊத்துனதுதான். கணக்குல இருந்து இதை நான் எடுத்துடணும். ஆனா எனக்கு மறக்காது."

"இனிமே ஊத்த மாட்டேன்" என்றான் அவன். "அப்ப நான் இதுக்கு ஒண்ணுமே செய்யக்கூடாதா?"

தபிதா யோசித்தாள். பிறகு சாவியைக் கழற்றி அவன் கழுத்தில் மாட்டினாள். அது அவன் தொப்புள் வரை தொங்கியது.

"புனல்ல இலை விழுந்து அடைச்சிக்கினா, மழை வந்தாலும் இதுக்குத் தெரியாது. காலையில நாம ரெண்டு பேரும் சேர்ந்து எடுக்கலாம். நீதான் சின்ன மந்திரி."

கீர்த்தி அக்கா சிரித்தார். "அப்ப இது இங்கயே இருக்கட்டும்."

யஸ்வந்த் தன் பாட்டிலைச் சிட்டிபாபுவிடம் நீட்டினான். அவன் அதை வாங்கி மடக்மடக்கென்று குடித்தான்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், கிழக்கே இருட்டிக்கொண்டு வந்தது. சாப்பாட்டு மணி அடிக்கவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. மண்ணும் கூரையும் முழங்கின. சாப்பாடு முடிந்தும் பாடம் நடத்த முடியாமல் ஞானமணி டீச்சர் பிள்ளைகளை வராந்தாவில் நிற்க விட்டுவிட்டார். மழை விடவே இல்லை.

வெகுநேரம் கழித்து டீச்சரின் செல்போன் அடித்தது. கீர்த்தி அக்கா.

"டீச்சர், உங்க ஊர்ல மறுபடியும் சாப்பாட்டு மணிக்கு மழை காட்டுதே! சிட்டிபாபுவா?"

டீச்சர் சிரித்துக்கொண்டே போனை மழைப்பக்கம் நீட்டினார். தபிதா சிட்டிபாபுவைத் தூக்கிப் பிடித்தாள். அவன் கழுத்துச் சாவி ஆட, இருக்கிற பலமெல்லாம் சேர்த்துக் கத்தினான்.

"அக்கா! இன்னிக்கு நான் இல்லக்கா! சாமியே ஊத்திக்கினு இருக்குது!"