சிகரத்திலிருந்து இறங்கியவன்

கத்திரி வெயிலில் கோச்சடைப் பகுதியே கொதித்துக்கொண்டிருந்த நடுப்பகலில், தாமரைச்செல்வியின் மாடி வீட்டுக்கு ஏறும் முதல் படியில் பனிக்கட்டி கிடந்தது. உள்ளங்கையளவு இருக்கும். குனிந்து தொட்டாள், விரல் ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது கொஞ்சம் தோலும் போனது. யாரோ மீன் பெட்டி தூக்கிப் போயிருப்பார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டு மேலே ஏறினாள்.

அவள் புருஷன் செல்வக்குமார் போன வருஷம் நேபாளத்துக்கு மலையேறப் போனவன். எட்டாயிரம் மீட்டருக்கு மேலே, உச்சிக்குச் சற்றுக் கீழே, ஒரு பாறை மறைவில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அத்தனை உயரத்திலிருந்து பிணத்தை இறக்குவது லேசுப்பட்ட வேலையில்லை. அந்தச் சிகரத்துக்கு மனிதர்கள் போகத் தொடங்கிய காலத்திலிருந்தே செத்தவர்கள் பலர் அங்கேயே இருக்கிறார்கள். பின்னால் ஏறுகிறவர்கள் அவர்களை அடையாளம் வைத்து வழி பார்க்கிறார்கள். ஊருக்கெல்லாம் வீரன், மலைக்கு மைல்கல், கட்டியவளுக்கு ஒன்றுமில்லை. நல்ல பிழைப்பு.

தர்ப்பையில் உருவம் செய்து எரித்துக் காரியத்தை முடித்துவிடலாம் என்றான் கொழுந்தன் பாண்டியராஜன். சொந்தபந்தமெல்லாம் தலையாட்டியது. அவள் மசியவில்லை.

"புல்லக் கொளுத்திட்டு என்னையத் தாலியறுக்கச் சொல்றீகளா? அவரு உடம்பு இந்த வீட்டு வாசலுக்கு வரட்டும். அதுவரைக்கும் இதக் கழட்ட மாட்டேன்."

இந்த வருஷம் ஏறியவர்களிடமிருந்து சேதி வந்தது. அவன் இருந்த இடம் காலி, காற்று தள்ளியிருக்கும் என்றார்கள். பிறகு கடைசி முகாமருகே பார்த்தார்களாம். பிறகு பனியாற்றின் பிளவுகளுக்குக் கீழே. பனியாறு நகரும், பிணத்தையும் இழுத்து வரும் என்று விளக்கம் சொன்னார்கள். பனியே இல்லாத மண்பாதையில் பார்த்ததாக ஒருவன் சொன்ன அன்றோடு அவள் போனை அணைத்துப் போட்டாள்.

இப்போது வீட்டுக்குள் வந்ததும் கதவைத் தாழ்போட்டாள். மின்விசிறியின் உறுமலுக்கும் தெருவில் போகிற ஷேர் ஆட்டோ இரைச்சலுக்கும் அடியில், மலையேறும் பூட்ஸின் இரும்பு முள் படியைக் கீறுகிற சத்தமும், அதன் பின்னால் ஆக்ஸிஜன் ரப்பர் குழாய்க்குள் யாரோ சிரமப்பட்டு இழுக்கிற மூச்சும் கேட்டன. ஓர் அடி, பிறகு நெடுநேரம் மூச்சு. அந்த உயரத்தில் அப்படித்தான் நடக்க முடியும் என்று, இதே படிகளில் மண்மூட்டை சுமந்து பழகும்போது அவன் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறான்.

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும், வெட்கக்கேடு, நெஞ்சின் ஒரு மூலையில் சந்தோஷமாகவும் இருந்தது.

ஓர் அடி. மூச்சு.

கதவிடுக்கில் குளிர் புகைந்தது. தாழ்ப்பாள் பனி படிந்து வெளுத்தது. முறிந்தது.

வாசலில் நின்றான். மேல்சட்டை இல்லை. முகம் கறுத்து, இமைகள் பனியில் ஒட்டியிருந்தன.

"இம்புட்டுத் தூரம் நடக்க வச்சுட்டியேடி," என்றான். "கழட்டு. நான் உக்காரணும்."

அவள் கை எழும்பவில்லை. அவனே வந்தான். பின்கழுத்தில் அவன் விரல்கள் தாலி முடிச்சைத் துழாவின. சுள்ளி மாதிரி ஒன்று ஒடிந்து அவள் தோளில் பட்டுத் தரையில் விழுந்தது.

அடுத்த விரல் முடிச்சைத் தேடியது.