ஷிப்டுக் கட்டில்

மெத்தையின் சூடு இன்னும் இறங்கவில்லை. ஒரு கட்டிலுக்கு இரண்டு நர்ஸ்கள் என்பது அந்தக் காய்ச்சல் ஆஸ்பத்திரியின் ஏற்பாடு. பகல் டியூட்டி பார்க்கும் இன்ஷிராஹ் இரவெல்லாம் புரண்ட இடத்தில், பன்னிரண்டு மணி நேரம் நின்று வீங்கிய காலோடு சுஹைர் காலையில் வந்து விழுவாள். விரிப்பை மாற்றினாலும் முன்னால் படுத்தவளின் உடம்புச்சூடு கொஞ்ச நேரம் இருக்கும், பிறகு ஆறிவிடும். இன்று மதியத் தொழுகைக்கான அழைப்புகூட ஓய்ந்துவிட்டது. உள்ளே பூட்டிய அறைக்குள் குளோரின் நெடியும் குழாய் சொட்டும் சத்தமும் மட்டும் இருக்க, சுவரோரம் ஆள் படுத்தாற்போல் பள்ளம் விழுந்த இடம் ரொட்டி அடுப்பின் தளம்போலக் கொதித்தது.

ஜுரக்காரியின் சூடு. சுஹைருக்குத் தெரியாதா அது?

வீட்டுக்குப் போகாமல் ஆஸ்பத்திரியிலேயே தங்கவேண்டிய பதினான்கு நாள் நாளையோடு முடிகிறது. நாளை நைலுக்கு அக்கரையில் தன் வீட்டில், எட்டு மாத மகன் யாசீனை மடியில் போடலாம். மார்பு கட்டி, பாலைப் பீய்ச்சிக் கழிவறையில் ஊற்றிய நாட்கள். இப்போது போய்த் தொற்றிக்கொண்டால்?

கீழே வார்டுக்குப் போன் போட்டாள்.

“ஏண்டி, ஜுரத்தை மறைச்சுட்டா டியூட்டி பாக்குற?”

“போக்கா. ஜுரம் வந்தா லீவாச்சும் கெடைக்கும், அதுக்கும் குடுத்து வைக்கல.” இன்ஷிராஹ் சிரித்தாள். “ஏன் கேக்குற?”

“படுக்கை கொதிக்குது.”

“நான் எங்க படுத்தேன்? ரெண்டாவது வார்டுல ஆளில்லன்னு அங்கயே நாற்காலியில கெடக்குறேன். மூணு ராத்திரியா மேல வரல.”

மூன்று நாளும் மெத்தை சூடாகத்தான் இருந்தது.

தெர்மாமீட்டரை அக்குளில் இடுக்கிக்கொண்டாள். முப்பத்தாறரை. தனக்கில்லை. மூச்சு வந்தது.

கட்டில் முனகியது.

பள்ளம் மெல்ல நிமிர்ந்தது. யாரோ எழுந்துகொண்டதுபோல. தொட்டாள். சில்லென்றிருந்தது. கதவு பூட்டியபடியே.

வீட்டுக்கு அடித்தாள். கணவன் ரகப் எடுத்தான். குரலைத் தாழ்த்தியிருந்தான்.

“யாரும்மா அது? மெல்லப் பேசுங்க.”

“நான்... புள்ள...” குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

“சுஹைர் போனு உங்க கையில எப்படி? ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டாளா? இப்பத்தான் வந்தா. மாஸ்க்கைக்கூடக் கழட்டல, புள்ளைய எடுத்து மடியில போட்டுக்கிட்டா. ஒடம்பு அனலாக் கொதிக்குது, சொன்னா கேக்கல.”

கத்த வாயைத் திறந்தாள்.

அதற்குள் ரகப் போனை எங்கோ வைத்தான். துண்டிக்கவில்லை.

யாசீன் பால் குடிக்கும் சத்தம் கேட்டது. மடக். மடக். மடக்.