வால் உடைந்த ஏழு

"மாவு டப்பாவுக்குள்ளயா ஒளிச்சு வச்சிருக்க? அடிப்பாவி!"

காலை அப்பத்துக்கு மாவு அள்ளப் போன மாமியார் ஹில்மாவின் கையில் ஏழு வெள்ளிக் கட்டிகள் சிக்கியிருந்தன. செத்துப்போன மாமனார் ஐவர் விட்டுப்போன சொத்து. அச்சில் ஊற்றி ஆறவைத்து, கறுத்துப்போன கட்டிகள்.

வெர்னா கைபிசைந்தாள். கணவன் வெள்ளிச் சுரங்கத்துக்குப் பகல் ஷிஃப்ட் போயிருந்தான். கெல்லாக் என்ற அந்த அமெரிக்கச் சுரங்க ஊரில் எந்தப் பெண்ணுக்கும் சண்டை வருவது அந்த நேரத்தில்தான்.

"அத்தை... நேத்து நீங்க போலிஷ் டப்பாவைத் திறந்தீங்க. அந்தக் கறுப்பைத் துடைக்கக் கூடாதுன்னு மாமா சொல்லியிருக்காரு..."

"செத்தவரைச் சாட்சிக்குக் கூப்பிடாத! எங்கம்மா குடுத்த பன்னெண்டு வெள்ளி ஸ்பூனை, உன் கல்யாணத்துக்கு நான் ஆசையா குடுத்ததை, வித்துத் தின்னவதானே நீ!"

இருபது வருஷமாக வாரத்துக்கொரு முறை கேட்கும் சொல். வெர்னா சிந்திய மாவைக் கூட்டி அள்ளினாள்.

கொழுந்தன் வெண்டல் தராசோடு வந்தான். ஊரில் கணக்கு வாத்தியார். சந்தேகம் அவனுக்குத் தொழில். "இதுல எந்தக் கம்பெனி முத்திரையும் இல்ல. ஆறு சரி. இந்த ஏழாவது சுத்த வெள்ளியே இல்லம்மா... போலி! அண்ணி மாத்திட்டாங்க."

"இன்னிக்கே பெட்டியைக் கட்டுடி!" ஹில்மா போலிஷ் துணியை நனைத்தாள்.

"துணியைக் கீழ போடுங்க ஹில்மாக்கா!"

விலை சொல்வதற்காக வெண்டல் வரச்சொல்லியிருந்த பழைய நாணயக் கடை டொலோரஸ், வாசலிலேயே அலறினாள். "கறுப்பைத் துடைச்சா பாதி விலை அந்தத் துணியோட போயிடும்!"

கட்டியை ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தாள். கறுப்புக்குள் மயில் கழுத்து நீலம் எட்டிப் பார்த்தது. ஊற்றும்போது ஓடிய வெள்ளி, ஆறும்போது அப்படியே நின்று, மேலே அலையலையாகப் படிந்திருந்தது.

"என்ன கை! ஒரு இடத்துலகூடக் கொப்புளம் இல்ல... நம்பர் ஒண்ணு, ரெண்டு, நாலு, ஆறு, ஏழு, எட்டு. மூணும் அஞ்சும் ஸ்போக்கேன் டவுன்ல ஒருத்தர்கிட்ட இருக்கு. எல்லாத்துலயும் வருஷம் 77; அந்த ஏழுக்கு வால் உடைஞ்சிருக்கு. அதை அடிச்சது யாருன்னு தேடாத இடமில்ல அவரு. வெள்ளி விலைக்கு மூணு பங்கு குடுப்பாரு."

வெர்னாவின் கண் அலமாரிக்குப் போனது. ஐவரின் சாப்பாட்டுப் பெட்டியில், அவரே உளி வைத்து அடித்த வருஷம் 77. இரண்டு ஏழுக்கும் வால் இல்லை.

"மாமா..." என்றாள். "பட்டறையில அவரே ஊத்தியிருக்காரு."

"அப்ப அந்தப் போலி?" என்றான் வெண்டல், விடாமல்.

டொலோரஸ் அந்தக் கட்டியைத் திருப்பினாள். "போலியா? 925னு அடிச்சிருக்காரே, ஆயிரத்துல அத்தனை பங்கு வெள்ளி. சுரங்க வெள்ளி இல்ல இது, ஸ்பூன் வெள்ளி. கூடவே 12. வருஷம் 77. அப்புறம் ஒரு எழுத்து... வெர்னாவோட முதல் எழுத்து."

ஹில்மா கட்டியை வாங்கிப் பார்த்தாள். "பன்னெண்டு... எங்கம்மாவோட ஸ்பூன்!"

"விக்கச் சொல்லித்தான் மாமாகிட்ட குடுத்தேன் அத்தை..." வெர்னாவின் குரல் உடைந்தது. "வெண்டலோட காலேஜ் ஃபீஸுக்கு. தெரிஞ்சா அவன் படிப்பை விட்டுடுவான்னு, யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு. அந்தக் குளிர்காலத்துலயே செத்துப்போயிட்டாரு. உருக்கி எனக்கே வச்சிருக்கார்னு எனக்கும் தெரியாது..."

ஸ்பூனை விற்காமல் ஃபீஸ் கட்டியது எப்படி, மூன்றும் ஐந்தும் ஸ்போக்கேனுக்கு ஏன் போயின என்று கணக்கு வாத்தியாருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தராசைத் தள்ளிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான். "அண்ணி... நான் திருடின்னு..."

"விடுப்பா. நல்லாத்தானே படிச்ச."

ஹில்மா மருமகளை இழுத்து மார்போடு அணைத்தாள். கையிலிருந்த துணியால் அவள் கண்ணீரைத் துடைக்கப் போய், போலிஷ் வாடையில் சட்டென்று நின்றாள். துணியை அடுப்பில் வீசினாள்.

"என்ன விலை வந்தாலும் இந்த ஒண்ணு விற்பனைக்கு இல்ல, டொலோரஸ்" என்றாள். பிறகு வெறும் உள்ளங்கையால் மருமகளின் கன்னத்தைத் துடைத்தாள்.