ஆவிக்கு முப்பத்தாறு தவணை

ட்ரிங்... ட்ரிங்...

முதலாளியின் கை ரிசீவருக்கு இரண்டு அங்குலம் மேலேயே நின்றுவிட்டது.

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று. காலண்டரில் தேதி பதினான்கு.

வெளியே வெயில் கொளுத்தியது. அவருக்கு மட்டும் முதுகு சில்லிட்டது.

எடுத்தார்.

முதலில் மூச்சு வந்தது. நெஞ்சில் தண்ணீர் கட்டியவன் இழுத்து இழுத்து விடும் மூச்சு.

"வெல்டர் பேசறேன், முதலாளி. இந்த மாசப் பங்கைக் கட்டிடுங்க."

"க... கட்டிடறேன்."

டக். போன் செத்தது.

வெல்டர் ஆற்றில் விழுந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. விழுந்தான் என்பது ஒரு மரியாதைக்கு. தள்ளிவிட்டவர் சாட்சாத் இந்த முதலாளிதான்!

அது படகு பழுதுபார்க்கும் பட்டறை. நாற்பது பேர் வேலை. நம் ஆள் ஒவ்வொருவர் சம்பளத்திலும் ஓய்வூதிய நிதிக்கென்று மாதாமாதம் பிடித்தார். அதோடு தன் பங்கையும் சேர்த்து நிதி அலுவலகத்தில் கட்ட வேண்டும் என்பது சட்டம். அவர் கட்டவில்லை. பிடித்தது எல்லாம் அவர் சட்டைப் பைக்குள் போனது.

நாடோ ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்துவிடக்கூடியது. ஆற்றின் அக்கரை அடுத்த நாடு. நிதி அலுவலகம் ஒன்றே ஒன்று. வெல்டர் ஒரு நாள் அங்கே போய்த் தன் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறான். அப்படி ஒரு ஆளே பதிவில் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள்.

அன்று மதியம் படகுத்துறையில் சண்டை. நாளைக்கே புகார் கொடுக்கிறேன் என்றான். முதலாளி இரண்டு கையாலும் தள்ளினார். இரும்புத் தூணில் தலை மோதிய சத்தம்... பிறகு தண்ணீர். யாரும் பார்க்கவில்லை. வேலையை விட்டுப் போய்விட்டான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

அடுத்த மாதமே போன் வந்தது.

சம்பளம் வேண்டாமாம். தன்னைப் பதிவேட்டில் சேர்த்துப் பங்கு கட்டினால் போதுமாம். தவறினால் நேரில் வருவானாம்.

முதலாளி அலறியடித்துக்கொண்டு பதிவு செய்தார். அவனை மட்டும் பதிந்தால் மற்றவர்கள் எங்கே என்று அலுவலகம் கேட்குமே? நாற்பது பேரையும் பதிந்தார். மாதாமாதம் செலவு எகிறியது. பேனாவுக்கு ரீஃபில் வாங்கவே மூன்று நாள் யோசிக்கிற மனிதர்!

கணக்குப் பார்த்த மைத்துனனுக்குத் தலை சுற்றியது.

"அத்தான், அந்த வெல்டர் ஆளே வரலை. அவனுக்கு எதுக்கு மாசாமாசம் தண்டம் அழறீங்க?"

"வருவான்டா."

சொல்லிவிட்டு அவரே வெலவெலத்துப் போனார்.

அதன் பிறகு அவர் வாழ்ந்ததை வாழ்க்கை என்று சொல்ல முடியாது. குழாய் சொட்டினால் எழுந்து உட்காருவார். பட்டறைத் தரையில் ஈரக்கால் தடம் தெரிந்தால் யாருடையது என்று வரிசையாக விசாரிப்பார். ஆற்றைப் பார்த்த ஜன்னலுக்குப் பலகை அடித்தார். டாக்டரைப் பாருங்கள் என்று மனைவி கெஞ்சினாள். டாக்டரிடம் என்னவென்று சொல்வது? நான் கொன்ற ஆள் போன் பண்ணுகிறான் என்றா?

ஒரே ஒரு முறை துணிந்து கேட்டார்.

"செத்தவனுக்கு எதுக்குப்பா ஓய்வூதியம்?"

நீண்ட மூச்சு.

"முப்பத்தாறு மாசம் கட்டுங்க, முதலாளி. அப்புறம் போன் வராது."

அன்றிலிருந்து அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தது அந்த எண்ணிக்கைதான். முப்பத்தாறைத் தாண்டிவிட்டால் விடுதலை. இன்று கட்டியது முப்பத்தைந்து.

இன்னும் ஒன்றே ஒன்று!

அடுத்த மாதம் பதிமூன்றாம் தேதியே ஓடிப்போய்க் கட்டிவிட்டார்.

பதினான்காம் தேதி. மணி பதினொன்று. போன் அடிக்கவில்லை.

பதினொன்று பத்து. அடிக்கவில்லை.

முதலாளி மூன்று வருடத்தில் முதல் முறையாகச் சிரித்தார்.

கதவு தட்டப்பட்டது.

நிதி அலுவலகத்தின் ஆய்வாளர் அம்மாள், கையில் ஒரு கோப்போடு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு கையெழுத்து, சார். வேலையில அடிபட்டுப் படுத்தவருக்கு முதலாளி தொடர்ந்து முப்பத்தாறு மாசம் பங்கு கட்டியிருந்தா ஊன ஓய்வூதியம் குடுக்கலாம். உங்க வெல்டருக்கு நேத்தோட கணக்கு முடிஞ்சுது. விண்ணப்பம் வந்திருக்கு."

"யா... யார் குடுத்தா?"

"அவர்தான். காலையில நேர்ல வந்தார்."

காகிதத்தின் அடியில் கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. மாதாமாதம் சம்பளச் சீட்டில் பார்த்த அதே கையெழுத்து!

முதலாளியின் காதுக்குள் ஆறு இரைந்தது. நாற்காலியிலிருந்து சரிந்து மண்டியிட்டார்.

"அவன் செத்துட்டாம்மா. நான்தான் தள்ளினேன், இதே கையால. ரத்தம் தண்ணியில கலந்ததைப் பார்த்துட்டுத்தான் திரும்பினேன். மூணு வருஷமா ஆவிக்குப் பங்கு கட்டிட்டிருக்கேன். என்னால முடியலைம்மா."

பக்கத்து மேஜையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த மைத்துனன் கையிலிருந்த பேனா தரையில் விழுந்தது.

ஆய்வாளர் அம்மாள் விண்ணப்பத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"அவர் எழுதினதை நீங்க படிக்கவே இல்லையே, சார். கால் வழுக்கி விழுந்தேன், யார் மேலயும் குறையில்லைன்னு எழுதியிருக்கார்."

டக்... டக்... டக்...

வாசலில் ஊன்றுகோல் சத்தம்.

வெளியே காத்திருந்த வெல்டர் ஒரு காலை இழுத்துக்கொண்டு உள்ளே வந்தான். அதே மூச்சு. அக்கரையில் மீனவர்கள் இழுத்துப் போட்டார்களாம். உயிர் மட்டும் மிஞ்சியது. இடுப்பும் நுரையீரலும் போய்விட்டன.

"ஏன்டா... போலீசுக்குப் போகலை?" என்று கேட்டார் முதலாளி.

"போயிருந்தா நீங்க உள்ள போயிருப்பீங்க. பட்டறையை மூடியிருப்பாங்க. அப்புறம் என் பங்கை யார் கட்டறது? எனக்கு ரெண்டு பொண்ணுங்க, முதலாளி. பழி வாங்கினா அடுப்பு எரியுமா? பேசாம கையெழுத்துப் போட்டிருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேன்."

அவன் முகத்தில் சந்தோஷமே இல்லை. அலுப்புதான் தெரிந்தது.

ஆய்வாளர் அம்மாள் ரிசீவரை எடுத்துப் போலீஸ் எண்ணைச் சுழற்றினார். முதலாளியின் கண்ணில் கடைசியாக ஒரு வெளிச்சம்.

"அப்போ... விபத்து இல்லேன்னா இவனுக்கு ஓய்வூதியம் கிடையாதுதானே?"

"தாராளமா உண்டு. வேலை நேரத்துல, வேலை இடத்துல, முதலாளி கையாலயே அடிபட்டிருக்கார். சாட்சி நீங்களே."

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். ஜெயிலில் போய் நான் என்ன செய்வேன் என்று புலம்ப ஆரம்பித்தார்.

வெல்டர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நிதானமாக உட்கார்ந்தான்.

"கவலைப்படாதீங்க, முதலாளி. அங்கயும் வேலை தருவாங்க, கூலி தருவாங்க... பிடித்தம் போக!"